மூன்று ரோபோகான் சீசன், ஒரு ஷீட், ஒரு போர்டு: பாகங்களைக் கணக்கில் வைத்த அனுபவம்

2023 மே மாதம், செமஸ்டர் தேர்வு முடிந்த மறுநாள், லேசர் கட்டிங் கடையிலிருந்து நான்கு அலுமினியத் தகடுகள் வந்தன. 5 மி.மீ. தகடு, வெட்டு சுத்தம். ஆனால் பேரிங் உட்காரும் துளை 21.5 மி.மீ. இருந்தது. எங்களுக்கு வேண்டியது 18.5. லேசரில் அரை மி.மீ. குறைத்து வெட்டி, அப்புறம் லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) துளையைக் கடைந்து அளவுக்குக் கொண்டுவருவது எங்கள் வழக்கம். எடை குறையட்டும் என்று 608 என்ற எண் பேரிங்கை எடுத்துவிட்டு 6800 என்ற எண் பேரிங்கைப் போட முடிவு செய்திருந்தோம். வெளிவிட்டம் 22-லிருந்து 19 ஆகியிருந்தது. கடைக்கு நாங்கள் அனுப்பியது பழைய கோப்பு. சின்னத் துளையைப் பெரிதாக்கலாம், பெரிய துளையை என்ன செய்வது? நான்கும் ஸ்கிராப்.

ரோபோகான் என்பது கல்லூரி அணிகள் தாங்களே செய்த ரோபோக்களோடு மோதும் போட்டி, ஆண்டுக்கு ஒரு தலைப்பு. கோவையில் ஒரு பொறியியல் கல்லூரியின் ரோபோகான் அணியில் பாகங்கள் செய்யும் பொறுப்பு என்னுடையது. அந்த ஆண்டுத் தலைப்பு அங்கோர் வாட்டில் மலர் தூவுவது. வளையங்களை எறிந்து கம்பங்களில் மாட்ட வேண்டும். எறியும் பொறி முழுக்க அந்த நான்கு தகடுகளை நம்பித்தான் இருந்தது. ஜூலையில் டெல்லியில் தேசியப் போட்டி. அன்று இரவுதான், எந்தப் பாகம் எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்பதை இனி யாருடைய ஞாபகத்தையும் நம்பி விடக்கூடாது என்று முடிவு செய்தோம். அதற்கு முன் அட்டைகளை நகர்த்தும் ஒரு செயலியில்தான் கணக்கு இருந்தது. டிசைன் செய்பவர்களுக்கு அது பிடித்திருந்தது. பட்டறையில் நின்றவர்கள் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அடுத்த சீசனுக்குக் கூகுள் ஷீட்ஸ். ஒரு வரிக்கு ஒரு பாகம். எண் முறையை மட்டும் ரொம்ப யோசித்து வைத்தோம்: ஆண்டு, ரோபோ, துணைத்தொகுப்பு, பாகம். 24-2-03-07 என்றால் 2024, இரண்டாவது ரோபோ, மூன்றாவது தொகுப்பு, ஏழாவது பாகம். கடைசியில் திருத்தத்துக்கு ஏ, பி, சி. இடது பாகத்துக்கு ஒற்றைப்படை எண், வலதுக்கு இரட்டைப்படை. 'அதேதான், கண்ணாடியில் பார்த்த மாதிரி' என்று குறிப்பு எழுதி இரண்டையும் ஒரே எண்ணில் வைத்தால் இரண்டு இடது பாகம் கையில் வரும். எங்களுக்கு வந்திருக்கிறது.

நிலைகளை முதலில் பதினொன்றாகப் பிரித்தோம். யாரும் சரியாக மாற்றவில்லை. ஐந்தாகக் குறைத்தபின் ஓடியது: டிராயிங் தயார், வேலையில், வெளியே, செக் ஆனது, பொருத்தியது. 'வெளியே' என்றால் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் வெளிப் பட்டறைக்கு ஜாப் ஒர்க் கொடுத்திருக்கிறோம் என்று பொருள். கொடுத்த தேதியும் தருவதாகச் சொன்ன தேதியும் கட்டாயம். 'செக்' செய்பவர் செய்தவராக இருக்கக் கூடாது, வேறொருவர் வேர்னியர் (நுண்ணளவுகோல்) வைத்து அளக்க வேண்டும். 'யார் கையில்' என்ற கட்டத்தில் ஒரே ஒரு பெயர்தான். 'டீம்' என்று எழுதிய வரிகள் வாரக்கணக்கில் அசையாமல் கிடந்ததைப் பார்த்துப் போட்ட விதி அது.

ஷீட் உண்மையில் காசு மிச்சப்படுத்திய இடம் வடிகட்டிப் பார்ப்பதில்தான். 3 மி.மீ. தகடுகள் எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டி ஒரே தடவையில் லேசருக்கு அனுப்பினோம். சதுரக் குழாய் 12 அடி நீளத்தில் வரும். நீளமான துண்டுகளை முதலில் வைத்து, ஒவ்வொரு வெட்டுக்கும் 3 மி.மீ. ஒதுக்கி, வெட்டும் பட்டியல் போட்டால் மிச்சம் விழுவது குறைந்தது.

ஆனால் ஷீட் மட்டும் போதவில்லை. லேத்தில் நிற்பவர் கையில் எண்ணெய், போன் பையில். கியூஆர் கோடு ஒட்டிப் பார்த்தோம், இரண்டு வாரத்தில் விட்டுவிட்டோம். சுழலும் இயந்திரத்தின் பக்கத்தில் போனை எடுக்கச் சொல்வதே தப்பு.

அதனால் லேத்துக்கு எதிர்ச் சுவரில் ஒரு போர்டு, அதில் வரிசையாக ஆணிகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஜிப் பை. பைக்குள் ஏ4 டிராயிங். வேலை முடிந்ததும் பிசிறு எடுத்த பாகம் அதே பைக்குள் போகும். பையில் டிராயிங் இல்லையென்றால் வெட்டக் கூடாது. திருத்தம் வந்தால் டிசைன் செய்தவரே நடந்து வந்து பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். இந்த நடைதான் என்னைப் பொறுத்தவரை முழு ஏற்பாட்டின் உயிர். நடந்து வருபவருக்குப் பாகம் ஏற்கெனவே பாதி வெட்டப்பட்டிருப்பது கண்ணில் படும். அங்கேயே பேசி முடிவெடுப்பார்கள். பட்டறை அண்ணா ஒருநாள் தானே கூப்பிட்டார்: "தம்பி, ஷீட்டுல 'பி'ன்னு போட்டிருக்குது, பையில 'ஏ' இருக்குதுங்க. எதைச் செய்யறது?" முந்தைய வருஷம் இப்படி ஒருவர் கேட்டிருந்தால் அந்த நான்கு தகடுகள் பிழைத்திருக்கும்.

தினமும் மாலை 7 மணிக்கு ஒரு முதலாமாண்டு மாணவர் போர்டைப் பார்த்து ஷீட்டை மாற்றுவார். பத்துப் பதினைந்து நிமிட வேலை. எம்4 டேப்புக்கு (4 மி.மீ. போல்ட்டுக்கு மரை வெட்டும் கருவி) முதலில் 3.3 மி.மீ. டிரில் என்பதெல்லாம் அவர்களுக்கு அந்த டிராயிங்குகளைப் படித்தே பழகிப்போனது.

இதையும் மீறி 2024-இல் அடி வாங்கினோம். தலைப்பு அறுவடை நாள், நெல் நடும் ரோபோ. டெல்லியில் பயிற்சியின்போது ரோபோவின் ஒரு பிடிகை (பிடிக்கும் பாகம்) வளைந்தது. ஸ்பேர் பெட்டியில் அதே எண், அதே திருத்தம், டிராயிங்படி துல்லியமாகச் செய்தது. பொருந்தவில்லை. கடைசி வாரத்தில் யாரோ ரோபோவிலேயே துளையை அரத்தால் 2 மி.மீ. நீட்டியிருந்தார்கள், அது எங்கேயும் ஏறவில்லை. ஸ்டேடியத்தின் தரையில் உட்கார்ந்து அரைமணி நேரம் ராவினோம். அதன்பின் சிவப்புப் பேனா விதி: ரோபோவில் கைவைத்த எந்த மாற்றமும் பையிலுள்ள டிராயிங்கில் சிவப்பில் ஏற வேண்டும், ஸ்பேரிலும் அன்றே செய்ய வேண்டும்.

மூன்றாவது சீசனை ஜூனியர்களிடம் கொடுத்துவிட்டேன். 2025-இல் கூடைப்பந்து. எண் முறை, பைகள், சிவப்புப் பேனா மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். 3டி பிரிண்ட் பாகங்களுக்கு மட்டும் ஆணி போதாமல் தனி டப்பா வைத்தார்கள். ஒரே நாளில் மூன்று திருத்தம் வரும் இடம் அது. அவர்கள் செய்தது சரி. பிரிண்டிலேயே எண்ணும் எழுத்தும் புடைப்பாக வரும்படி டிசைனில் சேர்த்தது நான் யோசிக்காத ஒன்று.

போல்ட், நட்டு, வாஷர் கணக்குக்கு இன்னும் நல்ல வழி பிடிபடவில்லை. போன மாதம் போனபோதும் எம்4, 12 மி.மீ. போல்ட் தீர்ந்துபோய் ஒருவர் வண்டி எடுத்துக்கொண்டு காந்திபுரம் கிளம்பிக்கொண்டிருந்தார்.