கீத் மில்லரும் பில் எட்ரிச்சும்: ஆடுகளத்திலும் ஆகாயத்திலும்

இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டிய டெஸ்ட் கிரிக்கெட் ஆல்ரவுண்டர் (மட்டைவீச்சு, பந்துவீச்சு இரண்டிலும் வல்லவர்) என்றதும் ஆஸ்திரேலியாவின் கீத் மில்லர் பெயரே முதலில் வருகிறது. ஆனால் போர்க்களத்தை மட்டும் பார்த்தால், இங்கிலாந்தின் பில் எட்ரிச் சந்தித்த ஆபத்து மிகப் பெரியது என்பதே என் உறுதியான கருத்து.

எட்ரிச் 1941 கோடையில் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானத்தை ஓட்டினார். எதிரிக் கப்பல்களைத் தாக்க, பட்டப்பகலில், கடல்மட்டத்தை ஒட்டித் தாழப் பறந்து பீரங்கிகளுக்கு நேர் எதிரே செல்ல வேண்டியிருந்த அந்தப் பணியில் சக விமானிகள் பலர் திரும்பவே இல்லை. அவ்வாண்டே அவருக்கு வீரப் பதக்கம் கிடைத்தது. மில்லரோ 1945இல், போர் முடியும் தறுவாயில்தான், இங்கிலாந்தின் நார்ஃபோக்கிலிருந்து மரத்தாலான மாஸ்கிட்டோ விமானத்தில் பறந்தார். அந்தப் பணியும் எளிதன்று, ஆனால் காலம் குறுகியது.

ஆடுகளத்தில் தராசு மறுபக்கம் சாய்கிறது. மட்டைவீச்சுச் சராசரியில் மட்டும் எட்ரிச்சே சற்று முன்னிற்கிறார்: 39 டெஸ்டுகளில் 2,440 ஓட்டங்கள், சராசரி 40, மில்லருக்கு 55 டெஸ்டுகளில் 2,958 ஓட்டங்கள், சராசரி 36.97. எட்ரிச் 1947 பருவத்தில் மட்டும் முதல்தர ஆட்டங்களில் 3,539 ஓட்டங்கள் குவித்தார். பந்துவீச்சில்தான் ஒப்பீடே இல்லை: எட்ரிச்சின் 41 விக்கெட்டுகளுக்கு எதிரே மில்லரின் 170, அதுவும் விக்கெட்டுக்கு 22.97 ஓட்டங்கள் மட்டுமே கொடுத்த சராசரியில். போர் ஓய்ந்த அதே ஆகஸ்டில் லண்டனின் லார்ட்ஸ் மைதானத்தில் டொமினியன்ஸ் (பிரிட்டிஷ் பேரரசு நாடுகளின் வீரர்கள் சேர்ந்த) அணிக்காக மில்லர் ஏழு சிக்ஸர்களுடன் 185 ஓட்டங்கள் எடுத்ததையும் சேர்த்துக்கொண்டால், ஆல்ரவுண்டர் என்ற பெயருக்கு அவரே முழுமையாக உரியவர்.