வயிற்றுச் சீழ்க்கட்டி: குழாயா, சத்திரசிகிச்சையா?

திருகோணமலையில், குடல்வளரி (அப்பென்டிக்ஸ்) வெடித்தபின் காய்ச்சல் தணியாத ஒருவரின் வயிற்றில் சீழ்க்கட்டி இருப்பது ஸ்கானில் தெரிந்தால், ‘வயிற்றைத் திறக்க வேண்டுமா?’ என்பதே உறவினரின் முதற்கேள்வி. பெரும்பாலும் வேண்டியதில்லை. ஏறத்தாழ 3 சென்ரிமீற்றருக்குட்பட்ட கட்டி நுண்ணுயிர்க்கொல்லி மருந்தாலேயே கரைந்துவிடக்கூடும். அதைவிடப் பெரியதென்றால், ஸ்கான் படத்தைப் பார்த்தபடி தோல்வழியே மெல்லிய குழாயைச் செலுத்திச் சீழை வடிப்பதையே நான் முதலில் வைப்பேன். ஏனெனில் பெரிய காயம் தவிர்க்கப்படுவதோடு, எடுத்த சீழைப் பரிசோதித்து உரிய மருந்தைத் தெரிவுசெய்யவும் முடிகிறது. குழாய் சில நாட்களேனும் இருக்கும். காய்ச்சல் விட்டதென்று அவசரப்பட்டு, வடிதல் நன்கு குறையுமுன் அதை அகற்றும்படி தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள். ஆனால் குடலிலுள்ள ஓட்டை அடங்காமல் கசிந்தாலோ, வயிறு முழுவதும் அழற்சி பரவினாலோ, குழாய்க்குப் பாதுகாப்பான பாதை கிடைக்காவிட்டாலோ சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடக்கூடாது.