புதுச்சேரி–சென்னை, இளங்காற்றில்: கரையோரமா, வெளிக்கடலா?

மார்ச், ஏப்ரலில் 30 அடி பாய்ப்படகைப் புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு ஓட்டுகிறவருக்கு இரண்டு வழி. கரையை விட்டு 2 மைலுக்குள்ளேயே ஒட்டிப் போகலாம். 8, 10 மைல் வெளியே போயும் வடக்கே திரும்பலாம். தூரம் சுமார் 75 கடல் மைல். 5, 6 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காற்றில் இந்த அளவுப் படகு 3, 4 நாட் ஓடினால் அதிகம். ஒரு பகலும் ஓர் இரவும் கடலில்தான்.

வெளிக்கடலின் பலம், மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் நீரோட்டம். இந்த மாதங்களில் அது வடக்கு நோக்கி ஓடும். வெளியே போகப் போக வேகம் கூடும்; 1 நாட்டைத் தாண்டுவதும் உண்டு. படகே 3 நாட்டில் தவழும்போது இது மூன்றில் ஒரு பங்கு இனாம். (அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதே நீவாடு தெற்கே திரும்பிவிடும். அப்போது இந்தக் கணக்கு செல்லாது.) குறை, அலைத்தூக்கல். காற்று இளைத்த நேரத்தில் ஒவ்வொரு அலைக்கும் பாய் சுருங்கி அறையும், பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கம்பான பூம் இப்படியும் அப்படியும் ஆடும். ஜெனேக்கர் போன்ற மெல்லிய பாய் அங்கே நிற்காது. பூமைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டி, ஜெனோவா என்கிற பெரிய முன்பாயோடு பொறுமையாக இருப்பதுதான் வழி.

கரையோரத்தின் பலம் ராத்திரியில் தெரியும். நிலம் குளிர்ந்த பிறகு, நள்ளிரவு தாண்டி, மேற்கிலிருந்து கரைக்காற்று இறங்கும். முதலில் வருவது மண்வாசனை, காற்று அப்புறம். கரை வடக்கு-வடகிழக்காக ஓடுவதால் இது நமக்குப் பக்கக்காற்று. நீர் தட்டையாக இருக்கும். ஜெனேக்கருக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. ஆனால் கரையை விட்டுச் சில மைல் தள்ளினாலே அதன் மூச்சு அடங்கிவிடும். மேகம் மூடிய இரவில் வராமலே போகும்.

கரையோரத்தின் பெரிய தொல்லை வலை. இருட்டில் வலை மிதவை கண்ணுக்குப் படாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் நைலான் நரம்பு ப்ரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும். விடிகிற வரை நீங்கள் அங்கேயே. வலை போட்டவரின் பிழைப்பும் கெடும். "காற்றில்லாவிட்டால் மோட்டாரைப் போடு" என்கிறவர்கள் பெரும்பாலும் பகலில் ஓட்டியவர்கள். கரையோரம் இரவில் பாய் மட்டும்தான், படகின் முன்முனையான அணியத்தில் ஒருவர் டார்ச்சோடு.

இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும் என்றால் நான் வெளிக்கடலையே எடுப்பேன். நீவாடு இரவு பகல் பார்ப்பதில்லை. நல்லவேளையாக அப்படிக் கட்டாயம் இல்லை. நண்பகலில், தென்கிழக்குக் கடற்காற்று எழும்போது கிளம்பி வெளியே போய்விட வேண்டும். கல்பாக்கம் அணுமின் நிலையத்தை எப்படியும் தள்ளித்தான் கடக்க வேண்டும், அதனால் அதுவரை வெளிக்கடலில் இருப்பதில் நஷ்டமில்லை. மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் பின்னால் போனதும், வானம் தெளிவாக இருந்தால், மெதுவாக உள்ளே சரியலாம். மீதி 28 மைலில் 6 மைல் உள்ளே வந்தாலும் கூடுதல் தூரம் முக்கால் மைல்கூட ஆகாது. வானம் மூடியிருந்தால் சரிய வேண்டாம், வெளியிலேயே தொடரலாம்.

எந்த வழியில் வந்தாலும் காலை 8 மணி வாக்கில் கரைக்காற்று செத்து, கடற்காற்று பிறக்காத ஓர் இடைவெளி இருக்கும். சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பல்களுக்கு நடுவே அது வரும். அங்கே பாயைச் சுருட்டிவிட்டு டீசல் எஞ்சினைக் கிளப்ப நான் கூச்சப்படுவதில்லை.