பைத்தான் ஒடச்சுது, ஜாவாஸ்கிரிப்ட் ஒட்டுப்போட்டுது: எது தேவலாம்?

ஒரு புரோகிராமிங் மொழியில பழைய கோடும் ஓடணும் மொழியும் நல்லாகணும்னா எங்கயாவது இடிக்கத்தான் செய்யும். பைத்தான்காரங்க 2008 டிசம்பர்ல 3.0 விட்டப்போ பழைய கோடு ஓடாட்டியும் பரவால்லன்னு தைரியமா ஒடச்சாங்க, பிரிண்ட்டுக்கு (திரையில காட்டச் சொல்ற கட்டளை) அடைப்புக்குறி கட்டாயம், ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) எல்லாம் யூனிகோட் (எல்லா மொழி எழுத்துக்கும் ஒரு எண் குடுக்கற முறை). இது நமக்கு நிஜமாவே லாபம், பைத்தான் 2ல யூடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்த பைட்டா சேமிக்கற முறை) ஃபைல்ல சும்மா "அம்மா"ன்னு போட்டு நீளம் கேட்டா 15ம்பான், பைட்ட எண்ணிட்டு இருப்பான், 3ல யூனிகோட் குறிய எண்ணி 5ம்பான் (நம்ம கணக்குல மூணே எழுத்துதான், அது தனி பஞ்சாயத்து). ஆனா 7/2 இருக்கே, முன்னாடி 3, இப்போ 3.5, எரர் கூட வராது, கணக்கு மட்டும் சத்தமில்லாம மாறிடும், அதத் தேடி கண்டுபிடிக்கிறதுக்குள்ள தாவு தீந்துடும். 2015ல மூட வேண்டிய பைத்தான் 2வ 2020 வரைக்கும் இழுத்தாங்கன்னா பாத்துக்கோங்க.

ஜாவாஸ்கிரிப்ட் அப்படியே உல்டா. 'நல்'லோட ('மதிப்பு எதுவும் இல்ல'ன்னு குறிக்கறது) டைப்ப கேட்டா இன்னைக்கும் 'ஆப்ஜெக்ட்'னுதான் சொல்லும், ஆரம்ப கால பக், சரிபண்ணா பழைய சைட்டு படுத்துடும்னு விட்டுட்டாங்க. 2018ல 'ஃப்ளாட்டன்'னு (பட்டியலுக்குள்ள இருக்கற பட்டியலப் பிரிச்சு ஒண்ணாக்கறது) புதுசா ஒண்ணு சேக்கப் போய், அதே பேர்ல ஏற்கனவே ஒண்ணு வச்சிருந்த மூடூல்ஸ்ங்கற பழைய லைப்ரரியோட (ரெடிமேட் கோடு தொகுப்பு) மோதி, கடைசில 'ஃப்ளாட்'னு பேர மாத்தினாங்க. வேரியபிள் (மதிப்புக்கு வைக்கற பேர்) அறிவிக்க 2015ல 'லெட்' வந்துச்சு, அதே வேலைக்கான பழைய 'வார்' அப்படியே பக்கத்துலயே உக்காந்திருக்கு.

என்னக் கேட்டா பிரவுசருக்கு வேற வழியே இல்ல, எந்த வெர்ஷன்ல ஓடணும்னு சைட்டுக்காரர் முடிவு பண்ண முடியாதுல்ல. பைத்தான்ல அது நம்ம கையில, அதனால ஒடச்சது தப்பில்ல, ஒரே மூச்சுல அத்தனையும் ஒடச்சதுதான் ஓவர்.