கையடக்க நீதிமொழிகள்: வாங்குமுன் பார்க்கவேண்டியவை

பைபிளின் ஒரு பகுதியான நீதிமொழிகளைத் தனிப் புத்தகமாக வாங்கும்போது முதலில் முதுகைத் திறந்து பாருங்கள். பசையால் மட்டும் ஒட்டியது நுவரெலியாக் குளிரிலும் ஈரத்திலும் தாள் தாளாகக் கழன்றுவிடும். நூலால் தைத்ததுதான் நிற்கும். எழுத்து பொடியாக இருந்தால், தோட்டத்து லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) மங்கல் வெளிச்சத்தில் பெரியவர்களுக்குக் கஷ்டம்.

உள்ளே இருப்பதற்கு ஈடே இல்லை. 31 அதிகாரம், தேதியைப் பார்த்து நாளுக்கு ஒன்று வாசிக்கலாம். முதல் 9 அதிகாரமும் நீண்ட புத்திமதி, அதில்தான் பலர் களைத்துப்போகிறார்கள். 10-இல் தொடங்குங்கள், தனித்தனி மொழிகள் அங்கேதான்.

ஒருவருக்கொருவர் பிணை நின்று குழுக்கடன் எடுக்கும் பெண்கள் 6:1-5, 22:26-27 இரண்டையும் கட்டாயம் வாசிக்கவேண்டும். பிணை நின்றவருக்குக் கட்ட வழியில்லையென்றால் படுக்கும் படுக்கையும் போகும் என்று பச்சையாகவே சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்றா? கண்ணுக்கு நித்திரை கொடாமல் போய் மன்றாடித் தப்பித்துக்கொள் என்கிறது 6-ஆம் அதிகாரம். தவணை தவறுமுன்னே கடன் கொடுத்தவரோடு பேசிவிடுங்கள். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு 11:1, கள்ளத்தராசு பற்றியது. அன்றன்றைய கிலோவைக் குறித்துவைத்துச் சம்பளச் சீட்டோடு ஒப்பிடுங்கள்.

பொருள்வாரி அட்டவணை இல்லாத பதிப்பென்றால், கடைசி வெற்றுத்தாளில் கடன், நாக்கு, பிள்ளை, வேலை என்று பிரித்து வசன எண்களை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பென்சில் நல்லது, பேனா மை ஈரத்தில் ஊறிவிடும்.