எஸ்எஃப்பி-2880 யூஎஃப் மாட்யூல்: கழிவுத்தாள் ஆலைக்குத் தாங்குமா?

பழைய அட்டைப்பெட்டியை அரைத்து கிராஃப்ட் தாள் போடும் ஆலையில், ஆர்ஓ-வுக்கு முன்னால் வைக்க டூபான்ட்டின் எஸ்எஃப்பி-2880 யூஎஃப் மாட்யூல் (அல்ட்ராஃபில்ட்ரேஷன்: நுண்துளை இழைகளால் வடிகட்டுவது) தாராளமாகப் போதும். ஏரேஷனும் (காற்றூட்டல்) கிளாரிஃபையரும் (கசடு படியவைக்கும் தொட்டி) தாண்டி வந்த கழிவுநீருக்கு மட்டும்தான் இந்தப் பேச்சு. மெஷினிலிருந்து வரும் வெள்ளை நீரை நேரே விட்டால் பசைப்பிசினும் ஸ்டார்ச்சும் சில நாளிலேயே இழையை மூடிவிடும்.

இழை பிவிடிஎஃப் பிளாஸ்டிக், துளை 0.03 மைக்ரான், ஒரு மாட்யூலின் பரப்பு 77 சதுர மீட்டர். நீர் வெளியிலிருந்து உள்ளே போகிறது. அதனால் அழுக்கு வெளிப்பக்கமே தங்கும், காற்றடித்து உதறிவிடலாம்.

கொட்டேஷனில் முதலில் பார்க்க வேண்டியது ஃப்ளக்ஸ், அதாவது ஒரு சதுர மீட்டர் இழைப்பரப்பு மணிக்கு வடிக்கும் நீர். சதுர மீட்டருக்கு மணிக்கு 70 லிட்டர் என்று வைத்தால், மணிக்கு 50 கன மீட்டருக்கு 10 மாட்யூல் வரும். 40 லிட்டர் என்றால் 17. விலை குறைவதன் சூட்சுமம் இதுதான். தாள் ஆலைக் கழிவுநீருக்கு 40-ஐத் தாண்ட ஒப்புக்கொள்ள வேண்டாம். பேக்வாஷுக்கு (எதிர்த்திசையில் நீர் விட்டுக் கழுவுவது) போகும் நீருக்காக இரண்டு மாட்யூல் கூடவே போடுங்கள்.

முன்வடிகட்டியில் கஞ்சத்தனம் ஆகாது. நீள இடுக்குள்ள சல்லடையில் நார் நெடுக்காக நழுவி உள்ளே போய், இழைகளைச் சடைபோல முறுக்கிக்கொள்ளும். 100 மைக்ரான் டிஸ்க் ஃபில்டர் நல்லது.

பலரும் சறுக்குவது கால்சியத்தில். கழிவுத்தாளிலுள்ள ஸ்டார்ச் புளித்து அமிலமாகும். அது தாளில் நிரப்பியாகச் சேர்த்திருக்கும் சுண்ணாம்பு ஃபில்லரைக் கரைத்து நீரின் கடினத்தன்மையை ஏற்றிவிடும். அந்த நீரிலேயே காஸ்டிக் சோடாவும் ஹைப்போவும் (சோடியம் ஹைப்போகுளோரைட்) கலந்து மெம்பரேனை, அதாவது வடிகட்டும் இழையைக் கழுவினால் பிஎச் ஏறி, சுண்ணாம்பு துளைக்குள்ளேயே படியும். கழுவிய பிறகு அழுத்தம் குறையாமல் கூடுகிறதென்றால் காரணம் இதுவே. காரக் கழுவலுக்கு ஆர்ஓ நீரைப் பயன்படுத்துங்கள். அதன்பின் நன்றாக அலசி, 2% சிட்ரிக் அமிலம் விடுங்கள். ஹைப்போ மிச்சமிருக்க அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஹைப்போ 2,000 பிபிஎம்-ஐத் தாண்டக் கூடாது.

கிளாரிஃபையரில் பாலிமர் (கசடைத் திரட்டும் வேதிப்பொருள்) அதிகமானால் அதுவும் இழையில் ஒட்டும். அதை ஹைப்போ சுலபத்தில் எடுக்காது. ஜார் டெஸ்ட் (குடுவைகளில் வெவ்வேறு அளவு கலந்து பார்ப்பது) போட்டு அளவைக் குறைப்பதே வழி. வெப்ப வரம்பு 40 டிகிரி. தண்ணீரைச் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தும் ஆலைகளில் கோடையில் இதைத் தாண்ட வாய்ப்புண்டு.

பேக்வாஷ் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு நிமிடம். மெம்பரேன் குறுக்கழுத்தத்துக்கு (இழையின் இரு பக்க அழுத்த வித்தியாசம்) 2.1 பார் வரை அனுமதி உண்டுதான். ஆனால் 1 பாரைத் தொட்டதுமே சிஐபி (கழற்றாமலே செய்யும் ரசாயனக் கழுவல்) போட்டுவிடுங்கள். இழை அறுந்ததா என்று பார்க்க, நீரை வடித்துக் காற்றழுத்தம் ஏற்றி, வால்வை மூடி, அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று கவனிக்கலாம். அறுந்த இழையை முள் வைத்து அடைத்தால் மாட்யூல் மீண்டும் ஓடும்.

கலங்கல் போகும், பழுப்பு நிறமும் டிடிஎஸ்ஸும் (கரைந்த உப்புகள்) போகாது. அவற்றுக்கு ஆர்ஓ வேண்டும். ஆர்ஓ-வுக்குள் மிச்சக் குளோரின் போகாமலிருக்க பைசல்ஃபைட் டோசிங்கும் வேண்டும். ஆலை பல நாள் நிற்கப்போகிறதென்றால் மாட்யூலைக் கழுவி, 1% பைசல்ஃபைட் கரைசல் நிரப்பி மூடுங்கள். ஒருமுறை காய்ந்த இழை பழைய ஓட்டத்துக்குத் திரும்புவது அரிது.