பிளைவுட் அறுக்க மார்பிள் கட்டரா, சர்க்குலர் சாவா?

அலமாரி செய்ய ஆரம்பித்தபோது நான் முதலில் வாங்கியது நாலு இஞ்ச் மார்பிள் கட்டர்தான். கல் அறுக்கிற பிளேடைக் கழற்றிவிட்டு மரத்துக்கான பல் பிளேடைப் போட்டால் வேலை ஓடும், நம் ஊரில் நிறைய கார்பென்டர்கள் அப்படித்தான் அறுக்கிறார்கள். எட்டு மாதம் ஓட்டிவிட்டு ஏழு இஞ்ச் சர்க்குலர் சாவுக்கு, அதாவது மரம் அறுக்கும் வட்ட ரம்பத்துக்கு மாறினேன். இனி மரத்துக்குக் கட்டரைத் தொடமாட்டேன்.

விலை, எடை இரண்டிலும் கட்டருக்குத்தான் லாபம். 19 மி.மீ. பிளைவுட்டுக்கு அதன் முப்பது சொச்சம் மி.மீ. ஆழமும் போதும். அதெல்லாம் சரி, நான் பேச வந்தது கார்டைப் பற்றி, அதாவது பிளேடு நம் மேல் படாமல் காக்கும் மூடியைப் பற்றி.

மார்பிள் கட்டரில் பிளேடின் மேல்பாதிக்குத்தான் மூடி. கீழ்ப்பாதி எப்போதும் திறந்தே இருக்கும். சுவிட்சை விட்டதும் பிளேடு நின்றுவிடாது, இன்னும் சில நொடி சுற்றும், அந்தச் சில நொடியில்தான் நாம் அசந்துபோகிறோம். நான் ஒருநாள் அறுத்து முடித்துக் கட்டரைத் தரையில் வைத்தேன். சுற்றிக்கொண்டிருந்த பல் தரையைப் பிடித்ததும் அது பின்னால் என்னை நோக்கி ஓடிவந்து காலுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. பிளேடின் அடிப்பக்கம் முன்னோக்கிச் சுற்றுவதால் பல் எதையாவது கவ்வினால் கருவி நம் பக்கம்தான் வரும். போதாததற்குப் பல கட்டர்களில் சுவிட்சை அழுத்தியபடியே நிறுத்திவைக்கும் லாக் பட்டன் வேறு இருக்கிறது. கை நழுவினாலும் அது பாட்டுக்கு ஓடும்.

சர்க்குலர் சாவில் கீழே இன்னொரு கார்டு, ஸ்பிரிங் வைத்தது. பலகையின் விளிம்பு பட்டதும் அது பின்னால் விலகிப் பிளேடுக்கு வழிவிடும், அறுத்து வெளியே வந்த உடனே படக்கென்று மூடிக்கொள்ளும். கீழே வைக்கும்போது பல் எதையும் தொடாது. இந்த ஒன்றுக்காகவே கூடுதல் பணம் கொடுக்கலாம் என்பேன்.

ஆனால் அந்தக் கார்டைக் கவனிக்க வேண்டும். மரத்தூளும் பிசினும் சேர்ந்தால் ஸ்பிரிங் மந்தமாகிப் பாதியிலேயே நின்றுவிடும். அதனால் தினமும் பிளக்கைச் செருகும் முன் கார்டை இழுத்துவிட்டுப் பார்க்கிறேன், தானாக முழுசாக மூடவில்லையென்றால் காய்ந்த பிரஷ்ஷால் சுத்தம் செய்த பிறகுதான் வேலை. எண்ணெய் விடுவதில்லை, தூள் இன்னும் ஒட்டும். கோடு தெரியவில்லை என்று கார்டைக் கம்பியால் கட்டிவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்வதென்றால் சர்க்குலர் சாவே வாங்க வேண்டாம், பிளேடு பெரிதாக இருப்பதால் கட்டரைவிட மோசமாகிவிடும்.

அறுத்த இடைவெளி மூடிப் பிளேடு இறுகினால் இரண்டுமே பின்னால் உதைக்கும். பலகைக்கு அடியில் முழுக்கத் தெர்மகோல் ஷீட் போட்டு, பிளேடு பலகைக்குக் கீழே மூன்று நான்கு மி.மீ. மட்டும் எட்டும்படி ஆழம் வைத்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. இரண்டு கையாலும் பிடியுங்கள், கையுறை வேண்டாம், பிளேடு நூலைக் கவ்வினால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

வேகம் இன்னொன்று. சர்க்குலர் சா நிமிடத்துக்குச் சுமார் 5,000 சுற்று, கட்டர் 12,000க்கும் மேலே. மலிவான பிளேடில் ஒட்டிய கார்பைடு பல் அந்த வேகத்தில் பெயர்ந்து தெறிக்கலாம், எனவே பிளேடில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச வேகத்தைப் பார்த்து வாங்குங்கள். ஆங்கிள் கிரைண்டரில் பல் பிளேடு போடுவதை நான் ஒப்பிடவே போவதில்லை. பலகையில் படிந்து ஓட அடித்தட்டுகூட அதில் கிடையாது, கொஞ்சம் திரும்பினாலும் பிளேடு மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் தூள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே பட்டியலிட்டுவிட்டது. என் சாவில் வாக்குவம் குழாய் மாட்ட வாய் இருக்கிறது, கட்டரில் இல்லை. எதில் அறுத்தாலும் என்95 மாஸ்க்கும் கண்ணாடியும் போடுங்கள்.

நான் அறுத்ததெல்லாம் பிளைவுட்டும், மர நாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையும்தான். தடிமனான தேக்குச் சட்டத்தில் சா எப்படி நடந்துகொள்ளும் என்பதை நாள்கணக்கில் அறுத்தவர்களிடம் கேளுங்கள்.

பழைய கட்டரை விற்கவில்லை. டைமண்ட் பிளேடைத் திரும்ப மாட்டி டைல் வெட்ட வைத்திருக்கிறேன். போன வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி கட்டில் பலகை அறுக்க அதைக் கேட்டான். கட்டரைக் கொடுக்கவில்லை, சாவை எடுத்துக்கொண்டு நானே போய் அறுத்துக் கொடுத்தேன்.